ஊரைக் கூட்டுகிறவள்

ஒரு நாள் மத்தியானம் அவளுக்குக் கடைவாய்ப் பல் வலித்தது. பல் வலித்தால் மனிதர் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு ஒரு மூலையில் இருப்பார்கள். அவள் நான் சமையல் வேலை செய்த குசினிக்கு வந்தாள். பின்னால் ஒரு படை வந்தது. கென்யாவிலிருந்து வந்த பிள்ளை ஒருத்தி அவளுடைய கையைப் பிடித்திருந்தாள். பிரேசில்காரன் ஒருவன் தண்ணீர்ப் போத்தலோடு நின்றான். கணக்குப் படிப்பிக்கிற வாத்தியாரும் வந்திருந்தார். வகுப்பிலிருந்து நேரே எழும்பி வந்தவர்போல அவர் கையில் வெண்பலகைக்கு எழுதும் பேனை இருந்தது.

"அண்ணா, கிராம்பு இருக்கா?"

"கராம்போ?"

"கராம்பு இல்லண்ணா, கிராம்பு."

"இரண்டும் ஒண்டுதான் பிள்ளை. வாயைத் திறவும்."

வலிக்கிற பல்லில் ஒன்றை வைத்தேன். அவள் கண்ணை மூடி, கடித்து, கொஞ்ச நேரம் கழித்துக் கண்ணைத் திறந்தாள். உடனே திரும்பி, பின்னால் நின்றவர்களிடம் ஆங்கிலத்தில் ஒரு பிரசங்கம் வைத்தாள். பிறகு எல்லாரும் கையை நீட்டினார்கள். கணக்கு வாத்தியார், தனக்குப் பல்லில் ஒரு குறையும் இல்லை, ஆனாலும் ஒன்று தரலாமா என்று கேட்டார். அன்று பின்னேரம் அந்தக் கல்லூரி முழுக்கக் கராம்பு மணந்தது.

அவளுடைய பெயரை நான் இங்கே எழுதவில்லை. எழுதினால், அதை வாசித்துவிட்டு யாரையெல்லாம் கூட்டிக்கொண்டு என் வீட்டுக்கு வருவாளோ தெரியாது.

நான் ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். விட்டவன் என்று சொல்வதும் சரியில்லை. பள்ளிக்கூடம் இடம்பெயர்ந்து ஒரு பக்கம் போனது, நாங்கள் இன்னொரு பக்கம் போனோம். பிறகு நாங்கள் ஒன்றையொன்று தேடவில்லை. சுவிஸுக்கு வந்து லா ஷோ-து-ஃபோனில் மணிக்கூட்டுத் தொழிற்சாலை ஒன்றில் நின்றேன். ஓல்டனில் பார்சல் பிரித்தேன். முதியோர் இல்லத்தில் தரை துடைத்தேன். ஓர் இடத்தில் கால் சூடாகிறது என்று தெரிந்தால் பையைத் தூக்கிவிடுவேன். அப்படித்தான் எங்கடின் என்ற மலைப் பள்ளத்தாக்குக்கு வந்து சேர்ந்தேன். ஹோட்டல் வேலை என்று நினைத்து வந்தேன். வந்து பார்த்தால், அது ஒரு காலத்தில் ஹோட்டலாக இருந்து கல்லூரியாக மாறிய கட்டடம்.

சின்னக் கல்லூரி. எல்லாப் பிள்ளைகளும் ஒரே மண்டபத்தில் ஒரே நேரத்தில் இருந்து சாப்பிடலாம், அவ்வளவுதான் தொகை. ஆனால் உலகத்தின் பாதி நாடுகளிலிருந்து வந்திருந்தார்கள். வாத்தியார்மாரும் அதே மேசைகளில்தான் சாப்பிட்டார்கள். ஒரே பிள்ளை காலையில் தத்துவம் படிக்கும், மத்தியானம் பூச்சி படிக்கும், பின்னேரம் நாடகத்தில் அரசனாக நிற்கும். எனக்கு இது விளங்கவே இல்லை. அவளிடம் கேட்டேன்.

"நீர் என்னதான் படிக்கிறீர்?"

"எல்லாம்."

"எல்லாம் படிச்சுப்போட்டு என்ன வேலைக்குப் போறது?"

"அதைத்தாண்ணா வீட்லயும் கேக்குறாங்க. பதில் தெரிஞ்சா உங்களுக்குத்தான் முதல்ல சொல்லுவேன்."

அவள் தேனிப் பக்கத்துப் பெண். நான் அவளைத் தனியாகக் கண்டது முதல் நாள் மட்டும்தான். மண்டபத்தின் ஒரு மூலையில் இருந்து, யாரோ தட்டைப் பறிக்க வருவதுபோல அவசரமாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். போனில், "சரிம்மா, வைக்கிறேன்" என்று சொன்னது காதில் விழுந்தது. தமிழ்ப் பிள்ளை என்று கண்டதும் கிட்டப் போனேன்.

"பிள்ளை, ஆறுதலாச் சாப்பிடும்."

கரண்டி தட்டில் விழுந்தது. "அண்ணா, தமிழா!" என்று எழும்பியே விட்டாள். பிறகு முகத்தைச் சுருக்கினாள். "ஆறுதல் எதுக்கு? எனக்கு ஒரு கவலையும் இல்லையே?"

"கவலை எண்டு ஆர் சொன்னது? கெதியாச் சாப்பிடாதேயும் எண்டு சொன்னனான்."

"கெதியா? ஏண்ணா, என் கதிக்கு என்ன?"

இப்படியே போனது. எங்கள் ஊரில் ஆறுதலாக என்றால் அவசரமில்லாமல் என்றும், கெதியாக என்றால் விரைவாக என்றும் விளங்கவைக்கச் சாப்பாடு ஆறிவிட்டது. விளங்கியதும் அவள் செய்த முதல் வேலை, பக்கத்து மேசைக்காரர்களைக் கூப்பிட்டதுதான். அதுவரை அவர்களோடு அவள் ஒரு வார்த்தை பேசியிருக்கவில்லை. ஒரே சொல், தன் ஊரில் கவலையைத் தீர்க்கும், கடலைத் தாண்டினால் வேகத்தைக் குறைக்கும் என்று அவர்களுக்கு விளக்கினாள். அவர்கள் அடுத்த மேசையைக் கூப்பிட்டார்கள். அந்தக் கிழமை முடிவதற்குள் அது கல்லூரிச் சொல்லாகிவிட்டது. பனிச்சரிவில் சறுக்கி இறங்கும் பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்து "ஆறுதலா! ஆறுதலா!" என்று கத்துவதை நானே கேட்டிருக்கிறேன்.

எதற்கும் ஊரைக் கூட்டுவாள். காலுறை ஒன்று காணாமல் போனால் மாடி முழுக்கத் தேட வேண்டும். படிப்பது என்றால் படிக்கட்டில் இருந்து சத்தமாகப் படிப்பாள். ஏறி இறங்குகிறவர்கள் நின்று மறுத்துப் பேச, கொஞ்ச நேரத்தில் படிக்கட்டில் ஏற இடமிராது. நான் சூப் பானையைத் தூக்கிக்கொண்டு பின்வழியால் சுற்றிப் போக வேண்டும்.

முதல் பனி விழுந்த காலை, அவள் கதவு கதவாகத் தட்டிக்கொண்டு ஓடினாள். வெயில் நாட்டுப் பிள்ளைகளை எழுப்பினால் நியாயம். அவள் நோர்வேக்காரனையும் எழுப்பினாள். அவன் வந்து ஒரு படிப்புத் தவணையாக ஒருவரோடும் வாய் திறக்காத பொடியன். போர்வையைச் சுற்றிக்கொண்டு வாசலில் வந்து நின்று, தான் பனி பார்த்திருக்கிறேன் என்று சொன்னான். அதுவரை என் காதுக்கு எட்டிய நீளமான பேச்சு அவனிடமிருந்து அதுதான்.

"என்கூடப் பாத்திருக்கியா?" என்று அவள் கேட்டாள்.

அவன் யோசித்தான். இல்லை என்று தலையாட்டினான். சப்பாத்தை மாட்டிக்கொண்டு இறங்கினான். கொஞ்ச நேரத்தில் அவன்தான் மற்றவர்களுக்குப் பனியை எப்படி உருட்டுவது என்று காட்டிக்கொண்டு நின்றான்.

எல்லாருக்கும் இது பிடித்தது என்று சொல்ல மாட்டேன். சூரிச்சிலிருந்து வந்த பிள்ளை ஒருத்தி, "பிறந்தநாள், பனி, வானவில் எதற்கும் தட்ட வேண்டாம்" என்று கதவில் தாள் ஒட்டியிருந்தாள். இன்னொரு சோடி, மூன்றாம் ஆளுக்குத் தெரியாமல் காதலித்துக்கொண்டிருந்தது. இவள் எப்படியோ அறிந்து, சந்தோசத்தில் வாய்தவறி, சாப்பாட்டு மண்டபத்தில் வைத்து வாழ்த்துச் சொல்லிவிட்டாள். அந்தப் பெண் இவளோடு நெடுநாள் முகம் கொடுக்கவில்லை. இவளிடம் ஒன்றைச் சொல்வதும் கோயில் ஸ்பீக்கரில் சொல்வதும் ஒன்றுதான். போனில் தாய் பேசுவது குசினி வரை கேட்கும்: "ஏண்டி, ஊரைக் கூட்டாம ஒரு வேலையும் செய்ய மாட்டியா?"

எனக்கும் அவளோடு இருந்தால் ஒரு பயம் உண்டு. நான் கூட்டம் கூடுகிற இடத்திலிருந்து விலகி நடந்து பழகியவன். எங்கள் ஊரில் நான் வளர்ந்த காலத்தில், பத்துப் பேர் ஓரிடத்தில் கூடினால் அடுத்து என்ன வரும் என்று தெரியாது. இந்த நாட்டுக்கு வந்த பிறகும், என் சங்கதி ஒன்று நாலு பேர் வாயில் விழுவது எனக்குப் பிடிக்காது. அதனால் அந்தச் செய்தியை அவளிடம் சொல்லும்போது முதலிலேயே சொன்னேன்:

"பிள்ளை, இதை ஒருத்தருக்கும் சொல்லாதேயும்."

"சத்தியமா சொல்ல மாட்டேண்ணா."

செய்தி இதுதான். இந்தக் கல்வியாண்டோடு குசினியை மூடப் போகிறார்கள். சாப்பாடு கீழே நகரத்திலிருந்து ஒரு கம்பனியின் வான் வண்டியில், மூடி ஒட்டிய தட்டுகளில் வரும். பிள்ளைகள் சூடாக்கிச் சாப்பிட வேண்டும். செலவு குறையும்.

எனக்கு அது பெரிய விசயமில்லை. பையைத் தூக்க ஒரு சாட்டுக் கிடைத்தது என்றுகூட நினைத்தேன். ஆனால் எங்கள் தலைமைச் சமையற்காரி ஒரு போர்த்துக்கல் பெண். புருசன் இல்லை. குசினிக்கு மேலே இருந்த இரண்டு அறைதான் அவளுடைய வீடு. மகள் கிராமத்துப் பள்ளிக்கூடத்தில் படித்தாள். அந்தப் பள்ளத்தாக்கில் ரொமாஞ் என்று ஒரு பாஷை பேசுவார்கள், வேறெங்கும் போனால் அது உதவாது. அந்தப் பாஷை தெரியாமல் மகள் ஒரு வருசம் வகுப்பில் ஊமையாக இருந்து, அப்போதுதான் கூட்டாளிகளோடு சண்டை பிடிக்கிற அளவுக்குத் தேறியிருந்தாள். பள்ளத்தாக்கில் கிடைக்கிற மற்ற வேலையெல்லாம் பனிக்காலத்துக்கு மட்டும்தான். குசினி மூடினால் தாயும் மகளும் வேறு ஊருக்கு, வேறு பாஷைக்குப் போய் மறுபடியும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். அவள் இதை ஒருவருக்கும் சொல்லாமல், வழக்கத்தை விட அதிகமாக மா பிசைந்துகொண்டிருந்தாள்.

சத்தியம் செய்தவள் தேத்தண்ணியைக் குடித்து முடிக்கவில்லை. கோப்பையை வைத்துவிட்டு வெளியே போனாள். பின்னேரம் நான் பாத்திரம் கழுவிக்கொண்டிருக்க, கணக்கு வாத்தியார் வந்து என் தோளில் தட்டி, தான் எங்கள் பக்கம் என்றார். எனக்கு வந்த கோபத்தில் அவளைத் தேடிப் போனேன். படிக்கட்டில் இருந்தாள். சுற்றிவரப் பிள்ளைகள்.

"சத்தியம் பண்ணினீர் எல்லோ?"

"பண்ணேன். ஆனா இது ரகசியமா வச்சிருக்கற விசயமாண்ணா? நீங்களே சொல்லுங்க. பல்வலியவே நான் ரகசியமா வச்சுக்கல."

"எங்கட பாட்டை நாங்கள் பாத்துக்கொள்ளுவம்."

"எப்படிப் பாப்பீங்க? பையத் தூக்கிட்டுப் போவீங்க. அவங்க?"

நான் குசினிக்குத் திரும்பினேன்.

அந்தக் கல்லூரியில் கிழமைக்கு ஒரு முறை பொதுக்கூட்டம் நடக்கும். பிள்ளைகள், வாத்தியார்மார், தோட்டக்காரன் என யாரும் எழும்பி எதையும் பேசலாம், கல்லூரி அதிபர் இருந்து கேட்க வேண்டும். அதுவரை அங்கே பேசப்பட்டது சைக்கிள் நிறுத்துகிற இடம், பியானோவின் சத்தம் போன்றவைதான். அந்த வியாழன் குசினிக்காரர் வந்து பேச வேண்டும் என்று அவள் ஏற்பாடு செய்துவிட்டாள். போர்த்துக்கல்காரி முடியவே முடியாது என்றாள், ஆனால் வந்து முன்வரிசையில் ஏப்ரனோடு இருந்தாள். என்னை மேடையில் ஏற்றினார்கள். என்னுடைய ஜெர்மன் குசினிக்குக் காணும், கூட்டத்துக்குக் காணாது. நான் தமிழில் சொல்வது, அவள் ஆங்கிலத்தில் மாற்றிச் சொல்வது என்று ஏற்பாடு.

அதிபர் முன்னால் இருந்தார். உயரமான பெண்மணி, நல்ல மனுசி. மடியில் தாள்கள் வைத்திருந்தார், எல்லாம் கணக்கு என்று பார்த்தாலே தெரிந்தது. சண்டைக்கு வந்திருக்கிறேன் என்று அவர் நினைக்கக் கூடாது. எங்கள் ஊரில் பேசுவது என்றால் ஏசுவது. வாத்தியார் பேசினார் என்றால் வாத்தியாரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டோம் என்று அர்த்தம். சாதாரணமாக உரையாடுவதற்குக் கதைப்பது என்று சொல்வோம். அதனால் மரியாதையாகத் தொடங்கினேன்:

"நான் ஒருத்தரையும் பேச வரேல்லை. கதைக்கத்தான் வந்தனான்."

அவள் என்னைப் பார்த்தாள். சபையைப் பார்த்தாள். ஆங்கிலத்தில் சொன்னாள். எனக்குத் தெரிந்த கொஞ்ச ஆங்கிலத்தில் அது நன்றாகவே விளங்கியது: இவர் பேசுவதற்கு வரவில்லை, ஒரு கதை சொல்ல வந்திருக்கிறார்.

மண்டபம் அப்படியே தளர்ந்தது. பின்னால் நின்றவர்கள் தரையில் இருந்தார்கள். யாரோ கதவைச் சாத்தினார்கள். அதிபர் தாள்களை மடித்துக் கதிரைக்குக் கீழே வைத்துவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு, கதை கேட்கிற பிள்ளையைப்போல என்னைப் பார்த்தார்.

"என்ன பிள்ளை சொன்னனீர்? என்னட்டக் கதை ஒண்டும் இல்லை."

"சபை காத்துட்டிருக்குண்ணா. சொல்லுங்க."

வேறு வழியில்லாமல் வாயில் வந்ததைச் சொன்னேன். நான் முதல் வந்து இறங்கின காலத்தில் எங்களை மலைக்கு மேலே ஒரு அகதிகள் இல்லத்தில் வைத்திருந்தார்கள். நாட்டுக்கொருவராக ஒரு வீட்டில் இருந்தோம். சாப்பாடு வானில் வரும், மூடி ஒட்டின தட்டில். சமைத்தது யார் என்று தெரியாது. உப்புக் கூடினால் யாரிடம் சொல்வது? வான்காரன் இறக்கி வைத்துவிட்டுப் போய்விடுவான். நாங்கள் ஆளுக்கொரு தட்டை எடுத்துக்கொண்டு ஆளுக்கொரு சுவரைப் பார்த்துச் சாப்பிடுவோம். ஒருத்தன் பெயர் ஒருத்தனுக்குத் தெரியாது.

நான் ஒரு வரி சொன்னால் அவள் ஒரு பந்தி சொன்னாள். சுவருக்கு என்ன நிறம் என்றுகூடச் சொன்னாள் என்று நினைக்கிறேன்.

"ஒரு நாள் பனி கொட்டி றோட்டு மூடிப்போச்சு. வான் வரேல்லை."

"ஐயையோ, அப்புறம்?"

"அதை அவையளுக்குச் சொல்லும் பிள்ளை!"

மண்டபத்தில் என்ன சொன்னார், என்ன சொன்னார் என்று சத்தம் எழும்பியது. அவள் அவசரமாகச் சொன்னாள். நான் தொடர்ந்தேன். அலுமாரியில் அரிசி கிடந்தது. நான் போட்டேன். அடிப்பிடித்துக் கருகிப்போனது. எரித்திரியாக்காரன் ஒரு வாய் வைத்துவிட்டு என்னை அவனுடைய பாஷையில் ஏசினான். நான் என்னுடைய பாஷையில் திருப்பி ஏசினேன். குர்திஷ்காரன் சட்டியைப் பறித்து, இப்படி இல்லை, இப்படி என்று காட்டினான். அவன் போட்டது குழைந்து களியாகிவிட்டது. இரண்டு பேரும் சேர்ந்து அவனை ஏசினோம். வந்து அத்தனை மாதத்தில் அன்றைக்குத்தான் ஒருவரையொருவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டோம்.

"அடுத்த நாள் வான் வந்தது. எங்களுக்குத் தட்டு வேண்டாம், எண்ணெய் கிடைக்குமோ எண்டு கேட்டம். இவ்வளவுதான் கதை. வான் சாப்பாடு பழுதில்லை. ஏசுறதுக்கு ஆளில்லாத சாப்பாடு, அவ்வளவுதான்."

சொல்லிவிட்டு இறங்கி முன்வரிசையில் இருந்துவிட்டேன். பிறகு நோர்வேக்காரன் எழும்பினான். எங்கள் குசினியின் செவ்வாய்க்கிழமைச் சூப் வெறும் தண்ணீர் என்றான். கென்யாப் பிள்ளை எழும்பி, அரிசியை இவர்கள் கொலை செய்கிறார்கள் என்றாள். ரோஸ்டிக்கு உருளைக்கிழங்கு துருவுகிற பருமன் சரியில்லை என்று கணக்கு வாத்தியார் அளவோடு சொன்னார். ஆள் மாறி ஆள் எழும்பினார்கள். அன்று எங்களுக்கு விழுந்த பேச்சு வாழ்க்கையில் ஒருபோதும் விழவில்லை. போர்த்துக்கல்காரிக்குத் தேனிப் பிள்ளை ஓடிவந்து ஒவ்வொன்றாக ஜெர்மனில் சொல்ல, சமையற்காரி ஏப்ரனில் முகத்தைப் புதைத்துக் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள்.

கூட்டம் கலைந்த பிறகு அவளைப் பிடித்தேன். கதைக்கிறது என்றால் என்னவென்று இவ்வளவு காலத்தில் அவளுக்குத் தெரியாமலா போனது?

"வேணுமெண்டு செய்தனீரோ?"

"கதைன்னா கதைதானண்ணா," என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். இன்றைக்கும் எனக்கு உண்மை தெரியாது.

அதிபர் யோசிக்க வேண்டும் என்றார். பனி உருகியது. பரீட்சைக் காலம் வந்தது. போர்த்துக்கல்காரி மகளுடைய சப்பாத்துகளைப் பெட்டியில் அடுக்கத் தொடங்கியிருந்தாள். அவளுக்குத் தெரியாமல் நானும், தெற்கே ஒரு ஹோட்டலில் ஆள் தேவையோ என்று விசாரித்து வைத்திருந்தேன்.

ஒரு காலை, சமையல் உச்சத்தில் இருக்கும்போது, அதிபர் குசினிக்குள் வந்தார். அவர் உள்ளே வந்ததை நான் அதற்குமுன் கண்டதில்லை. ஆவியில் கண்ணாடி மூடிக்கொள்ள, அதைக் கழற்றித் துடைத்துக்கொண்டே சொன்னார். குசினி இருக்கும். சமையற்காரர் எல்லாரும் இருப்பார்கள். ஆனால் செலவு கட்டுப்பட வேண்டும். அதனால் உரிப்பது, வெட்டுவது, கழுவுவது, துடைப்பது எல்லாவற்றையும் பிள்ளைகளும் வாத்தியார்மாரும் முறை வைத்துச் செய்ய வேண்டும். தானும் செய்வதாகச் சொன்னார்.

போர்த்துக்கல்காரி அடுப்பை அணைத்தாள். மாக் கையைக் கழுவாமலே வெளியே நடந்தாள். அந்தக் கட்டடத்தில் வகுப்புகள் நடக்கிற பக்கம் அவள் கால் வைத்து நான் கண்டதில்லை. அவள் ஒவ்வொரு கதவாகத் திறந்து, தன்னுடைய பாஷையிலேயே செய்தியைச் சொல்லிக்கொண்டு போனாள். போர்த்துகேய மொழி தெரிந்தவன் பிரேசில்காரன் ஒருவன்தான். ஆனால் ஒருவருக்கும் மொழிபெயர்ப்புத் தேவைப்படவில்லை.

செய்தி முதலில் போய்ச் சேர வேண்டிய ஆள்தான் மிஞ்சினாள். அவள் வேறு சிலரோடு பரீட்சை மண்டபத்துக்குள் எழுதிக்கொண்டிருந்தாள். உள்ளே போக முடியாது, வெளியே சத்தம் போடவும் முடியாது. கல்லூரி முழுக்க அந்த மண்டபத்துக்கு முன்னால் இருந்த ஒடுங்கிய நடைவழியில் வந்து நின்றது. பின்னால் நின்றவர்கள் படிக்கட்டு வரை நின்றார்கள். இருமல் வந்தவன் சட்டைக் கையைக் கடித்துக்கொண்டான். நான் சுவரோரமாக நின்றேன். கூட்டத்துக்குள் நிற்கிறேன் என்பது வெகுநேரம் கழித்துத்தான் எனக்கு உறைத்தது.

கதவு திறந்தது. பேனையைக் காதில் செருகிக்கொண்டு வெளியே வந்தவள் எங்களைக் கண்டு அப்படியே நின்றாள். ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள், யார் குறைகிறார்கள் என்று தேடுகிறவள்போல.

"யாருக்கு என்னாச்சு?"

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். எனக்கு நல்ல செய்தி சொல்லிப் பழக்கமில்லை. எந்தச் சொல்லில் தொடங்குவது என்று தெரியவில்லை.

"ஒருத்தருக்கும் ஒண்டுமில்லை பிள்ளை," என்றேன், மெல்ல. "நாளைக்கு விடிய வெங்காயம் உரிக்க உம்மட முறை. பிந்தாமல் வாரும்."

அவளுக்குப் பிடிபடவில்லை. என்னைப் பார்த்தாள். போர்த்துக்கல்காரியின் மாக் கையைப் பார்த்தாள். அந்த முகத்தைப் பார்த்தாள். பிறகு ஒரு சத்தம் போட்டாள் பாருங்கள், நடையின் ஜன்னல் கண்ணாடிகள் அதிர்ந்தன. உள்ளே எழுதிக்கொண்டிருந்த பிள்ளைகள் தலையைத் தூக்கினார்கள். காவல் இருந்த வாத்தியார் வாயில் விரலை வைத்துக்கொண்டு ஓடிவந்தார். சத்தம் போடாதே என்று சொல்ல வந்த அந்த மனிதரையும் அவள் கையைப் பிடித்துக் கூட்டத்துக்குள் இழுத்துவிட்டாள்.